எண்ணிக்கைக்கு வந்த பிள்ளைகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பள்ளி அதிபராக இருப்பவளுக்கு முதலில் வேண்டியது நல்ல காது. காலையில் கந்தோர் மேசையில் ஆசிரியர் வரவுப் பதிவேட்டை விரித்து, சிவப்புப் பேனையைக் கையில் பிடித்தபடி, துறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பேன். ஏழரை மணிக்குக் கையொப்பங்களின் கீழே சிவப்புக் கோடு இழுக்க வேண்டும் என்பது விதி. கோட்டுக்குக் கீழே ஒப்பமிடுகிறவர் பிந்தி வந்தவர். என் ஆசிரியர்களில் பாதிப் பேர் வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையிலிருந்து பாதையில் வருகிறவர்கள். பாதை என்றால் எங்களுக்குத் தெரு அல்ல. மோட்டார் சைக்கிளையும் மனிதரையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடத்திவிடுகிற இரும்பு மிதவை. அது காற்றைப் பார்த்து, ஆளைப் பார்த்து, ஓட்டுபவரின் தேநீரையும் பார்த்துப் புறப்படும். அதனால் துறையிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை என் பேனைக்கு மை இறங்காது. வலயக் கல்வி அலுவலகத்தில் இதை ஒழுங்கீனம் என்பார்கள். ஒருநாள் அவர்களும் அந்தப் பாதையில் ஏறிப் பார்க்கட்டும்.

எப்போதும் கடைசியாகக் கேட்கும் மோட்டார் சைக்கிள் எங்கள் கணித ஆசிரியருடையது. களுதாவளைக்காரர், இளவயது, சத்தம் போடத் தெரியாதவர். அவர் வருவதற்கு முன் எங்கள் பாடசாலையில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் கணிதம் சித்தியடைந்த பிள்ளையை ஊர் முழுக்கப் பெயர் சொல்லிக் காட்டலாம், அவ்வளவு அபூர்வம். கணிதம் இல்லாவிட்டால் உயர்தர வகுப்புக்குப் போவது குதிரைக் கொம்பு. உயர்தரம் இல்லாவிட்டால் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் அல்லது வெளிநாட்டு வீட்டு வேலை, ஆண்பிள்ளைக்கு உழவு இயந்திரம் அல்லது கொழும்பில் ஒரு கடை. எந்த வேலையையும் நான் கேவலம் என்று சொல்லவில்லை. பதினாறு வயதில் வேறு கதவு இல்லாமல் அதற்குள் போவதைத்தான் சொல்கிறேன்.

இந்த வருடம் பதினோராம் வகுப்பு கொஞ்சம் நம்பிக்கை தந்த வகுப்பு. அதிலே பின் வாங்கில், கடைசிப் பெஞ்சில், ஒரு பிள்ளை. தகப்பன் வாவியில் வலை போடுகிறவர், தாய் குவைத்தில். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் வந்தாலே வயிற்றுவலி என்று எழுந்து போகிறவள், இப்போது இடைவேளையிலும் கரும்பலகையை விட்டு நகர்வதில்லை. ஒருநாள் கந்தோருக்கு வந்து, "மிஸ், சோக்குக் கட்டி முடிஞ்சிட்டு, இன்னொரு பெட்டி தருவீங்களா?" என்று கேட்டாள். சோக்குக் கட்டி கேட்டு மாணவி வருவதை என் சேவைக் காலத்தில் அன்றுதான் கண்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் அதிபர்கள் கூட்டத்தில் ஆளணி மீளாய்வு என்றார்கள். ஆளணி என்ற சொல்லைக் கேட்டால் யானைப்படை, குதிரைப்படை எல்லாம் நினைவுக்கு வரும். எங்கள் ஆளணி என்பது பாதையில் நனைந்து வருகிற ஒரு கைப்பிடிப் பேர். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேலதிகமாக ஆசிரியர் இருக்கிற பாடசாலைகளிலிருந்து அவர்களை எடுத்து, இல்லாத பாடசாலைகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வருடக்கணக்காக நான் ஆங்கிலத்துக்கு ஆள் கேட்கிறேன், பிள்ளைகளின் மனக் குறையைக் கேட்க ஆலோசனை ஆசிரியர் ஒருவரைக் கேட்கிறேன், யானை உடைத்த பின்மதிலைக் கட்டக் காசு கேட்கிறேன். எல்லாம் பரிசீலனையில் இருக்கிறது. தருவதற்குத்தான் பரிசீலனை வேண்டும், எடுப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இடாப்பில், மாணவர் பெயரேட்டில், இருக்கும் பெயர்களை நம்ப முடியாது, பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பெயரையும் வைத்துக்கொண்டு கணக்குக் காட்டுகிறீர்கள், ஆகையால் நேரில் வந்து தலையை எண்ணுவோம் என்று மேடையில் இருந்தவர் சொன்னார். பின் வரிசையில் எனக்குப் பக்கத்தில் எங்கள் அயலூர் அதிபர் இருந்தார். அவருடைய பாடசாலையில் கணித ஆசிரியர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எண்ணிக்கை நிரம்பினால் அவருக்கு ஒருவர் கிடைப்பார். எனக்கு எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் போவார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

எண்ண வரும் நாளை வாசித்தார்கள். நடு அறுவடை. எங்கள் ஊரில் அறுவடை என்றால் வீடு பூட்டுப் போட்டுக் கிடக்கும், குடும்பம் முழுக்க வட்டையில் இருக்கும். வட்டை என்பது கண்ணுக்கெட்டிய வயல்வெளி. வெட்டு இயந்திரம் வந்த பிறகும் பிள்ளைகளுக்கு வேலை குறையவில்லை. நெல்லைத் தார்த் தெருவில் பரப்ப வேண்டும், கிளற வேண்டும், மாடு வாய் வைக்காமல் பார்க்க வேண்டும், வானம் கறுத்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். அந்த நாட்களில் என் வகுப்பறைகளில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடக்கும். அறுவடையில் எங்களை எண்ணுவது, நோன்பு நாளில் முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் சாப்பாட்டுக் கடையில் பகலில் ஆள் எண்ணுவதுபோல. வேறு நாள் தரும்படி கேட்டேன். எல்லோருக்கும் ஒரே நாள்தான் என்றார்கள்.

பெற்றோர் கூட்டம் வைத்தால் அறுவடையில் யார் வருவார்? நேராகக் கோயில் வண்ணக்கரிடம் போனேன். அம்மன் கோயிலின் நிர்வாகம் அவர் கையில். ஊரில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் வார்த்தை இல்லை. முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, அவர் காலாலேயே அதைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, புதன்கிழமை ஒரு புள்ளையும் வட்டைக்குப் போகப்படாது. எல்லாரும் பள்ளிக்கு வரணும். எண்ண வாறாங்க."

"எண்ணி என்ன செய்யிறாங்களாம்?"

"குறைஞ்சா நம்மட கணக்குப் படிப்பிக்கிற சேரை எடுத்துப் போடுவாங்க."

அவர் கால் நின்றது.

"அப்ப இது ஊர் மானம்" என்றார். "நீங்க பயப்பிடாதீங்க மிஸ். குடிக்குக் குடி சொல்லி விடுறன். ஒரு குடியும் குறையாது."

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழிக் குலம், பிள்ளை தாயின் குடி. ஆண் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான், பிள்ளைகள் தாயோடு எண்ணப்படும். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், ஒவ்வொரு குடியும் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கும். அரிசி, தேங்காய், வெற்றிலை, ஆள். இதில் உள்ளூர் வெளியூர் என்று கிடையாது. குடிப்பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் குடிப்பிள்ளைதான். வண்ணக்கர் சொல்லி அனுப்பினால் வாவிக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்து நிற்கும். எனக்கும் ஒரு குடி இருக்கிறது, நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆனாலும் அன்று என் மூளையில் எண்ணிக்கையைத் தவிர வேறு எதற்கும் இடம் இருக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் பாடசாலைக்குப் பின்னாலிருக்கும் விடுதியிலிருந்து வெளியே வந்தேன். வாரநாட்களில் அங்கேதான் தங்குகிறேன். வாசற் படலையடியில் வெள்ளைச் சீருடை அலை அலையாக வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்றது மனம். வாய்விட்டே சிரித்தேன் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு வரவை நான் விளையாட்டுப் போட்டி நாளில்கூடக் கண்டதில்லை. கணித ஆசிரியர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன மிஸ், பள்ளிக்கூடம் வளந்திட்டா?" என்றார்.

காலைக் கூட்டத்துக்கு வரிசை கட்டினார்கள். நான் படியில் ஏறி நின்று பார்த்தேன். முதலாவது முகம் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். இரண்டாவது முகமும் தெரியவில்லை. ஏழாம் வகுப்பு வரிசையில் நான் வாழ்நாளில் காணாத ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு மிகவும் அடக்கமாக நின்றான். நாடு முழுக்க ஒரே வெள்ளை, அடையாளம் காண ஒரு கழுத்துப் பட்டிகூட எங்கள் பள்ளிகளில் இல்லை.

கிட்டப் போய்க் குனிந்து, "நீ ஆரு மனே?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கைக்கு வந்த நான் மிஸ்" என்றான். "வண்ணக்கர் ஐயா எங்கட குடிக்கும் சொல்லி விட்டவர்." வட்டைக்கு அந்தப் பக்கம் அயலூரைக் கையால் காட்டினான்.

அவனைப்போல் எத்தனை பேர் என்று பார்க்க நான் நிமிர்ந்தபோது வலயத்து வாகனம் படலைக்குள் நுழைந்துவிட்டது.

வந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன். வயதானவர், தொப்பி போட்டிருந்தார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வரிசை வரிசையாக எண்ணினார். எண்ணி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், உங்கட இடாப்பில இரிக்கிறத விட ஆள் கூடவா நிக்குது. அறுவடைக்குள்ள இது என்ன அதிசயம்?"

பொய் சொல்ல நாக்கு எழும்பியது. புதிதாகச் சேர்ந்தவர்கள், விருந்துக்கு வந்தவர்கள், ஏதோ ஒன்று. ஆனால் அவருக்குப் பின்னால் பதினோராம் வகுப்பு முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. மாட்டிக்கொண்டால் எண்ணிக்கை மட்டுமல்ல, பாடசாலையின் பெயரே போய்விடும் என்ற பயமும் பிடித்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார், பிறகு சிரித்தார். அவரும் மட்டக்களப்பான்தானே.

"சரி, வந்த விருந்தாடியள் எல்லாரும் அந்த மரத்தடியில இருங்க. இஞ்சத்தப் புள்ளையள் மட்டும் நில்லுங்க. பேரக் கூப்பிடுவம்."

பெயர் கூப்பிடத் தொடங்கினார். அறுவடைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள் என்று வண்ணக்கர் சொன்னாரே. ஆறாம் வகுப்பில் ஒரு பெயருக்குப் பதில் இல்லை. ஏழாம் வகுப்பில் அண்ணன், தங்கை, மச்சாள் என்று ஒரு வீட்டு வரிசைக்கே பதில் இல்லை. எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான்.

"இவங்கெல்லாம் எங்க?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன்.

இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு சின்னது, முன்பல் விழுந்தது, கையை உயர்த்தியது. "மிஸ், எங்கட அக்காக்கள் அங்க போயிட்டாங்க. அந்தப் பள்ளிக்கு. அங்கயும் இண்டைக்குத்தான் எண்ணுறாங்களாம். அவங்க நமக்கு வந்தா நாமளும் அவங்களுக்குப் போகணும் எண்டு அம்மா சொன்ன."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை. இரண்டு ஊர்க் கோயிலுக்கும் சொந்தமான குடிகள். எங்கள் சடங்குக்கு அவர்கள் வந்தால் அவர்கள் சடங்குக்கு நாங்கள் போக வேண்டும். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காத குடிக்கு வெட்கம். அயலூர் அதிபரும் அவருடைய வண்ணக்கரிடம் போயிருக்கிறார். அந்த வண்ணக்கரும் குடிக்குக் குடி சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு ஆள் அனுப்பிய ஊருக்கு, எங்கள் தாய்மார் பெருந்தன்மையோடு என் பிள்ளைகளைத் தலை வாரிச் சீருடை போட்டு, வரம்பால் நடத்தி அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

நான் அயலூர் அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் குசுகுசுத்த குரலில், "மிஸ், இப்ப எண்ணிக்கொண்டிருக்காங்க, மறுகா கதைப்பம்" என்று வைத்துவிட்டார். உத்தியோகத்தரிடம் கெஞ்சினேன்.

"சேர், என்ட புள்ளையள் அங்க நிக்கிறாங்க. வாகனத்தில போனா உடனே கூட்டிக்கொண்டு வரலாம்."

"அங்க எண்ணுறது வேற ஆள் மிஸ். அது எனக்குரிய பள்ளி இல்ல." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கண்டதத்தான் எழுதேலும். பெட்டிசம் ஒண்டு எழுதுங்க, நான் மேல குடுக்கிறன்."

பெட்டிசம் எழுதினால் என்ன எழுதுவது? அயலூர் வரிசையில் நின்றவை என் தலைகள் என்று எழுத வேண்டும். எழுதினால் அந்த அதிபருக்கு விசாரணை வரும், அந்தப் பள்ளிக்குக் கிடைக்கப்போகும் ஆசிரியரும் நின்றுபோவார். அங்கே பதினோராம் வகுப்பு ஒரு வருடத்துக்கு மேலாகக் கணக்குப் பாட நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? இரண்டு நாள் மேசையில் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அந்தத் தாளில் விளையாட்டுப் போட்டிச் செலவை எழுதினேன்.

வண்ணக்கரிடம் மட்டும் போய்ச் சண்டை போட்டேன்.

"ஐயா, இது என்ன சடங்கா? என்ட புள்ளையள அங்க அனுப்பச் சொன்ன ஆர்?"

"நான் அனுப்பச் சொல்லல்ல மிஸ். ஆனா அவங்க புள்ளையள நமக்கு அனுப்பக்குள்ள நம்மட பொம்புளையள் சும்மா இரிப்பாங்களா?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "எண்ணத்தானே வந்தாங்க. இஞ்ச எண்ணினா என்ன, அங்க எண்ணினா என்ன, எல்லாம் நம்மட புள்ளையள்தானே."

"அரசாங்கத்துக்கு அப்பிடி இல்ல ஐயா!"

எனக்கு அழுகை வந்தது, கோபத்தால் வருகிற அழுகை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிங்க கா, முகமெல்லாம் வேர்த்திட்டு" என்றார். குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வந்தது இன்னும் என் மனதில் கிடக்கிறது.

அதன் பிறகு காத்திருப்பு. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போவேன். பதினோராம் வகுப்பைக் கடந்து போகும்போது நான் நடையைக் கூட்டினேன், அவர்கள் என்னை ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று. பின் வாங்குப் பிள்ளை ஒருநாள் கந்தோர் வாசலில் நின்றாள். இந்த முறை சோக்குக் கட்டிக்கு அல்ல.

"மிஸ், கணக்கு சேரை எடுக்கப் போறாங்களாமே. உண்மையா?"

"இன்னும் ஒண்டும் வரல்ல மனே. நீ போய்ப் படி."

"ஆர்ட்டப் படிக்கிற மிஸ்?" என்றாள். திமிராகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

கணித ஆசிரியருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. மிகை ஆசிரியர், உடனடியாகச் செயற்படும் வண்ணம். எங்கே என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அயலூர்ப் பாடசாலை. அங்கே எண்ணியவர் பெயர் கூப்பிடாமல் தலையை மட்டும் எண்ணிவிட்டுப் போயிருக்கிறார். அவர்கள் பிள்ளைகளிலும் பலர் வட்டையிலும் எங்கள் மரத்தடியிலும் இருந்த நேரம், எங்கள் பிள்ளைகள் போய் நின்றதால் எண்ணிக்கை இடாப்போடு அளவாகப் பொருந்தியிருக்கிறது. அதே பாதையில் வந்து, இறங்கி, இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கணித ஆசிரியர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"உங்கட புள்ளையளே என்னக் கொண்டுபோய் அங்க வெச்சிட்டாங்க மிஸ்" என்றார். பகிடியாகச் சொல்லத்தான் பார்த்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

அவர் மாறிப் போன அதே வாரம் பின் வாங்குப் பிள்ளையின் தகப்பன் வந்தார். வலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், இடுப்பில் கட்டிய சாரம் நனைந்திருந்தது. கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மிஸ், குறை நினைக்காதீங்க. மகள்ற விடுகைப் பத்திரத்தத் தாங்க. சேர் போன பள்ளியிலயே சேர்த்து விடுறன். தாய்க்காரி குவைத்திலயிருந்து போன் எடுத்து அழுகிறா."

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் ஒன்றைக் கொடுத்தால் வகுப்பு முழுக்க வரும். பதினோராம் வகுப்பு போனால் பத்தாம் வகுப்பு நிற்குமா? அடுத்த எண்ணிக்கையில் இன்னொரு ஆசிரியர் போவார், அதற்கடுத்ததில் பாடசாலைக்கே பூட்டு. கொடுக்க மாட்டேன் என்றால், அந்தப் பிள்ளையின் பரீட்சையை நான் என் கையால் கெடுத்தவள் ஆவேன். இரண்டு நாள் தவணை கேட்டு அவரை அனுப்பிவிட்டு, அயலூர் அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை அவர் குசுகுசுக்கவில்லை, நான் சொல்லி முடிக்க முதலே சம்மதித்தார். பாடசாலை விட்ட பிறகு பின்னேரங்களில் இரண்டு பதினோராம் வகுப்பும் அங்கே ஒன்றாக இருந்து படிக்கும். பெயர் என் இடாப்பில் இருக்கும், கணக்கு அங்கே. கணித ஆசிரியர் கடைசிப் பாதைவரை நிற்பார்.

"கடைசிப் பாதையும் தவறினா?" என்று கணித ஆசிரியரிடம் கேட்டேன்.

"தவறினா பாலத்தால சுத்திப் போறன் மிஸ். நீங்க புள்ளையள அனுப்புங்க."

வலயத்துக்கு எழுதி அனுமதி கேட்டேன். போக்குவரத்துக்கு ஏற்பாடு இல்லை, பாடசாலை நேரத்துக்குப் பிறகு நடப்பது அதிபரின் சொந்தப் பொறுப்பு என்று பதில் வந்தது. ஒரு பாடசாலையிலிருந்து மறு பாடசாலைக்கு வட்டைக்கு நடுவால் வண்டிவழி. வழியில் ஒரு குளக்கட்டு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லுக்கு, பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். என் பின்மதிலை உடைத்த அதே யானைகள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்த ஒரு வரிப் பதிலைக் கொண்டுபோய் எந்தத் தாய்க்குக் காட்டுவேன்? பயந்துகொண்டேதான் அனுப்பினேன். இப்போதும் பயந்துகொண்டுதான் அனுப்புகிறேன்.

பின்னேரங்களில் படலையடியில் நிற்பது என் வேலையாகிவிட்டது. தேநீர் இறங்காது, உட்கார்ந்தால் கால் தானாக எழும்பும். வெளிச்சம் குறையக் குறைய வண்டிவழியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் சைக்கிள் தெரிந்ததும் எண்ணத் தொடங்குவேன். கடைசித் தலை படலைக்குள் வந்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வரும். சில நாட்களில் வண்ணக்கரும் வந்து நிற்பார். அன்றைய சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் யானை வெடி. என்னைப் பாராமல் எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்று அவரும் வழியைப் பார்ப்பார்.

போன கிழமை ஒருநாள் அவர்கள் வரும் நேரம் கடந்துவிட்டது. கணித ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தால், எல்லோரும் எப்போதோ புறப்பட்டுவிட்டார்கள் என்றார். குளக்கட்டுப் பக்கம் யாரோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது. தகரம் தட்டினால் யானை. வண்ணக்கர் ஒரு வெடியைக் கொளுத்தி வானத்தில் விட்டார். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அம்மாளே என்று வாய் தானாகச் சொல்லியது.

கொஞ்ச நேரத்தில் வண்டிவழியில் டோர்ச் வெளிச்சங்கள் ஆடிக்கொண்டு வந்தன. வண்ணக்கர் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார், நான் மனதுக்குள் எண்ணினேன். இருவரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டோம்.

"கூடிட்டு மிஸ்" என்றார் அவர் மெதுவாக.

கூடித்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளைச் சுற்றி அயலூர்ப் பதினோராம் வகுப்பு முழுக்க வந்திருந்தது, கையில் தகரத்தோடும் தடியோடும். அதில் ஒரு பெரிய பையன் மூச்சு வாங்கியபடி, "குளக்கட்டில யானை நிண்ட மிஸ். இவங்களத் தனிய விடேலாது எண்டு நாங்களும் வந்த" என்றான்.

"சரி மனே. இப்ப உங்கள ஆர் கொண்டு விடுற?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் யோசித்திருக்கவில்லை. வண்ணக்கர் போய், பின்னால் பெட்டி பூட்டிய தன் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணிக் கொண்டுவந்தார். அயலூர்ப் பிள்ளைகள் பெட்டிக்குள் ஏறினார்கள். ஏறி முடிய, பின் வாங்குப் பிள்ளை சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுத் தானும் ஏறப் போனாள். அவளுக்குப் பின்னால் என் வகுப்பு முழுக்க.

"நீ எங்க போறாய்?"

"அவங்க நமக்கு வந்த மிஸ். நாமளும் போகணும்தானே."

"இறங்குங்க எல்லாரும்! விடியும்வரைக்கும் ஆள மாத்தி ஆள் கொண்டு விடப் போறீங்களா? வீட்ட போய்க் கணக்குச் செய்யுங்க!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, இருட்டில் யாரும் காணவில்லை. வண்ணக்கர் பக்கத்துக் கடையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். இந்த முறை வாங்கிக் குடித்தேன்.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. யார் சித்தியடைவார்கள், அடுத்த எண்ணிக்கையில் யாரை எடுப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. அன்று நான் பெட்டியில் ஏறி, யானை வெடியை மடியில் வைத்துக்கொண்டு, அயலூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். ஒருவருடைய பெயரும் என் இடாப்பில் இல்லை. வண்டி புறப்பட முன், டோர்ச்சை அடித்து, ஒருவரையும் விடாமல் அவர்களை எண்ணினேன்.